சின்னவளின் வலப்பக்கப் படம்

அந்தக் கால்நடை மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் எக்ஸ்ரே எடுப்பது அபூர்வம். எடுத்தால் தப்பாகப் போய்விடுமோ என்ற பயம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. தப்பாக எடுத்த படத்தைவிட எடுக்காத படம் எவ்வளவோ மேல் என்று துறைத் தலைவர் அடிக்கடி சொல்வார். அந்தக் கணக்கில் பார்த்தால் மேலான படங்கள் அங்கேதான் அதிகம்.

தையல்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் முதலில் கீழ்த்தளத்தில் அறுவை டாக்டரிடம் போனார். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் பூனை. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க, எண்கள் அழிந்துபோன அளவு நாடாவால் சுற்றிக் கட்டியிருந்தார். பூனை சில நாட்களாகச் சாப்பிடவில்லை. குடித்த தண்ணீரையும் கக்கியது. நேற்றிலிருந்து கக்குவதற்கும் சோம்பல்பட்டு, தையல் மெஷின் பெடலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

டாக்டரம்மா பூனையின் வாயைத் திறந்து, கட்டைவிரலால் நாக்கைத் தூக்கினார்.

"பார்த்தீங்களா? அடியில நூல் சுத்தியிருக்கு. மறுமுனை குடலுக்குள்ள போயிருக்கும். குடல் அதைப் பிடிச்சுக்கிட்டு சுருங்கிக்கிட்டே வரும். பாவாடை நாடாவை இழுத்தா துணி எப்படிச் சுருங்கும், அந்த மாதிரி."

தையல்காரருக்கு அது புரிந்தது.

"இழுத்து எடுத்துடலாமா டாக்டரம்மா?"

"இழுத்தா குடல் அறுந்துடும். வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். இன்னைக்கே செய்யணும். நாளைக்குன்னா எனக்கு நம்பிக்கை இல்ல."

"அப்ப திறந்துடுங்க."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எக்ஸ்ரே படம் இல்லாம கத்தியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. போன மாசம் படம் இல்லாம ஒரு நாயைக் காப்பாத்திட்டேன். இன்னமும் விளக்கம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாடிக்குப் போங்க. எப்படியாவது ஒரு படம் வாங்கிட்டு வந்துடுங்க. நான் மேசையைத் தயாரா வச்சிருக்கேன்."

மாடியில், எக்ஸ்ரே பிரிவின் வாசலில் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில், 'நிலை சரியானால் எல்லாம் சரியாகும்' என்று எழுதியிருந்தது.

"பூனை பேரு?"

"சின்னவ."

எழுத்தர் தலையைத் தூக்கினார். "அப்ப பெரியவ?"

"பெரியவ போயிட்டா."

"எங்க?"

தையல்காரர் கூடையைக் கட்டியிருந்த நாடாவை இறுக்கினார். எழுத்தரும் பதிலுக்காகக் கேட்டவராகத் தெரியவில்லை. 'சின்னவ, பூனை, பெண்' என்று எழுதி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அது மனைவி வைத்த பெயர். தெருவிலிருந்து பூனைக்குட்டியை எடுத்து வந்த அன்று, "இந்தாங்க, உங்களுக்குச் சின்ன வீடு கொண்டாந்துட்டேன்" என்று மடியில் போட்டாள். அப்புறம் அந்தப் பெயரே நின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் மனைவி இறந்தாள். மறுநாள் தையல்காரர் கடையைத் திறந்து, பாதியில் நின்றிருந்த ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்தார். மனுஷன் கல்லு மாதிரி நிக்கிறார் என்று எல்லோரும் பாராட்டினார்கள். கல்லாக இருப்பதில் அப்படி ஒன்றும் சிரமம் இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பூனையிடம் அவருக்குப் பேச்சு வழக்கம் கிடையாது. அது கத்தினால் சோறு வைப்பார். கத்தாவிட்டால் சில நாள் மறந்துபோகும்.

உள்ளே எக்ஸ்ரே மேசை கண்ணாடிபோலத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு கால்தடம் இல்லை, ஒரு முடி இல்லை. கண்ணாடி அலமாரியில் ஸ்பாஞ்சு ஆப்புகள், மணல் பைகள், குட்டிப் பிராணிகளைக் கிடத்தும் தொட்டில், ஒட்டும் நாடா எல்லாம் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. கொக்கிகளில் ஈய அங்கிகள் மடிப்புக் கலையாமல் தொங்கின. படத்துக்காகப் பிராணிகளைச் சரியாகக் கிடத்தும் நிலை அதிகாரி ஒல்லியான மனிதர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாகக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு தொங்கியது.

"பூனையா?" என்றார், ஏதோ கெட்ட செய்தி கேட்டவரைப் போல. "பூனைக்கு நேர்கோடுன்னா என்னன்னே தெரியாதுங்க. உடம்பு முழுக்க வளைவு. சரி, போடுங்க. வலது பக்கம் கீழ இருக்கணும். இடது பக்கம் இப்ப எடுக்கறதில்ல."

"ஏன் சார்?"

"படத்துல இது வலது, இது இடதுன்னு காட்ட ஈயத்துல எழுத்து வைப்போம். இடதுக்கு உள்ள எழுத்து தொலைஞ்சு போச்சு. புதுசு கேட்டிருக்கோம்."

"இடது பக்கம் நோய் வந்தா?"

நிலை அதிகாரி யோசித்தார். "இதுவரைக்கும் பதிவாகலை" என்றார்.

பூனையைக் கையால் பிடிக்கக் கூடாது என்பது விதி, கதிர் பட்டுவிடும். ஆகவே தையல்காரரைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பூனையின் முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் இழுத்து மணல் பைகளை வைத்தார். மார்புக்கு அடியில் ஒரு ஆப்பு செருகினார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பூனை எதிர்க்கவில்லை. அதனிடம் எதிர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மூச்சு விட்டது.

"பாருங்க, அசையுது."

"அது மூச்சு விடுது சார்."

"விடட்டும், வேண்டாங்கல. ஆனா விலா எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு உக்காரணும். இது விடற மூச்சுல ஒண்ணு இங்க போகுது, இன்னொண்ணு அங்க போகுது. இந்த நிலையில நான் பொத்தானை அமுக்கினா அது படம் இல்லங்க, வதந்தி."

"கொஞ்சம் கோணலா இருந்தாலும் பரவாயில்ல சார். நூல் எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சா போதும்."

"கொஞ்சம் கோணல்னு நாங்க பேசறதில்ல" என்றார் நிலை அதிகாரி. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க சட்டையைக் கொஞ்சம் கோணலா தைப்பீங்களா?"

தைத்ததுண்டு. சமீபத்தில் நிறையவே தைத்திருந்தார். ஆனால் தையல்காரர் அதைச் சொல்லவில்லை.

"அப்ப மயக்க ஊசி போட்டுடுங்களேன்."

"போடலாம். ஆனா வெறும் படத்துல நூல் தெரியாது. குடலைப் படத்துல வெள்ளையாக் காட்ட பேரியம் மருந்து குடிக்க வைக்கணும். அது பக்கத்து அறை. அவர்கிட்ட கேட்டுட்டு வந்துடுங்க."

பக்கத்து அறையில் பேரியம் அதிகாரி இருந்தார். சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற வெள்ளை மருந்தை ஒரு குடுவையில் கலக்கிக்கொண்டிருந்தார். காலையில் வந்ததும் கலக்க ஆரம்பிப்பார். மாலையில் கொட்டிவிட்டுக் குடுவையைக் கழுவுவார். நிறுத்தினால் அடியில் தங்கிவிடும் என்பதால் பேசும்போதும் கலக்கினார்.

"மயக்கத்துல இருக்கற பிராணிக்கு பேரியமா? நுரையீரலுக்குள்ள போயிடும். முழிச்சிருக்கணும். அதுவே முழுங்கணும்."

"முழுங்கினதுக்கு அப்புறம் மயக்க ஊசி போடலாமா சார்?"

"மயக்கம் போட்டா குடல் ஓடாது. குடல் ஓடலைன்னா பேரியம் நகராது. அந்தப் படம் பொய் சொல்லும். அது மட்டுமில்ல, நூல் குடலை அறுத்து ஓட்டை போட்டிருந்தா பேரியமே கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து."

"ஓட்டை இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"படம் எடுத்தா தெரியும்."

"அப்ப படம் எடுத்துடுங்க."

"அதுக்கு பேரியம் கொடுக்கணுமே" என்றார் அதிகாரி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பல வருடங்களாக அந்த நிம்மதியில்தான் அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

தையல்காரர் கூடையோடு இரண்டு அறைகளுக்கும் நடுவில் நின்றார். கைபேசி அடித்தது. மச்சினன்.

"மாமா, எங்க இருக்கீங்க? கடை மூடிக் கிடக்கு."

"ஆஸ்பத்திரியில."

"ஐயோ, என்ன ஆச்சு?"

"பூனைக்கு."

"பூனைக்கா? மாமா, அக்கா போன மறுநாளே கடையைத் திறந்து உக்காந்தவர் நீங்க. இப்ப ஒரு பூனைக்காக மூடிட்டீங்களா?"

தையல்காரர் யோசித்துப் பார்த்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"ஆமா" என்றார்.

"சரி, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் மாமா?"

"ம்."

மச்சினன் வைத்துவிட்டான்.

மயக்கமும் கூடாது, கையால் பிடிக்கவும் கூடாது, முழித்திருக்க வேண்டும், ஆனால் அசையக் கூடாது. இந்தச் சிக்கலுக்குத் துறைத் தலைவர் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதற்கு 'விருப்ப அசையாமை' என்று பெயர். பிராணிகள் தாமாகவே மனமுவந்து அசையாமல் இருக்கப் பழக வேண்டும். பிராணிகள் உரிமையாளரைப் பார்த்துத்தான் எதையும் கற்றுக்கொள்கின்றன. ஆகவே முதலில் உரிமையாளர் பழக வேண்டும். கூடத்தில் தினமும் வகுப்பு நடந்தது. நிலை அதிகாரி தையல்காரரை அங்கே கொண்டுபோய் விட்டார்.

கூடத்தில் வரிசையாகப் பாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் வலப்பக்கமாகப் படுத்து, கைகளை முன்னாலும் கால்களைப் பின்னாலும் நீட்டியிருந்தார். அவர்களுடைய நாய்களும் ஒரு முயலும் ஒரு கன்றுக்குட்டியும் சுவரோரம் கட்டப்பட்டு, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பயிற்சியாளர் அம்மா விசில் ஊதினார்.

"முதுகெலும்பு மேசைக்கு இணையா இருக்கணும்! நாய்க்காரர், தாடையைத் தூக்குங்க! உங்க நாய் உங்களைப் பார்த்துச் சிரிக்குது!"

தையல்காரருக்குப் பக்கத்துப் பாயில் ஒரு அம்மாள் மல்லாந்து, இரண்டு கைகளையும் விரித்துப் படுத்திருந்தார்.

"உங்களோடது என்ன?" என்று கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பூனை."

"என்னோடது கிளி."

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். "எங்க இருக்கு?"

"பறந்துபோயிடுச்சு. முதல் வகுப்புலயே."

"அப்ப நீங்க?"

"ஆரம்பிச்சதைப் பாதியில விட முடியுமா? இப்ப இரண்டாம் நிலை. சிறகை விரிச்சு மல்லாக்கப் படுக்கறது. தோள் ரெண்டும் ஒரே உயரத்துல இருக்கா பாருங்க."

"இருக்கு."

"வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார் கிளிக்காரம்மா.

தையல்காரர் படுத்தார். கூடையைத் தலைமாட்டில் வைத்து, பூனைக்குத் தெரியும்படி மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தார். பூனை கண்ணைத் திறக்கவில்லை.

பாயில் பினாயில் வாசனை அடித்தது. கன்னத்துக்கு அடியில் தரை குளிர்ந்து கிடந்தது. மழைக்காலத்திலிருந்து எல்லோரும் அவரிடம் எழுந்திரு, வெளியே வா, நாலு பேரைப் பார், மனசை மாற்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அசையாதே என்று சொன்னவர்கள் இவர்கள்தான். அது அவருக்குத் தெரிந்த வேலை. மூச்சு எங்கோ தூரத்தில், வேறு யாருடையதோ போல, வந்து போய்க்கொண்டிருந்தது. விசில் சத்தம் நின்றது. யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். தூக்குக்குண்டு கண்ணுக்கு முன்னால் தொங்கியது. அது ஆடி ஆடி நின்றது. அவர் இமைக்கவில்லை.

"கழுத்து" என்றார் நிலை அதிகாரி மெதுவாக. "தோள். விலா. இடுப்பு." கையைக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பூனையை நான் பார்த்ததில்ல."

"நான் பூனை இல்ல சார்."

"பேசாதீங்க, தாடை அசையுது. அது இருக்கட்டும், நிலையைப் பாருங்கய்யா!"

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வகுப்பில் தேறியவரைத் தேர்வுக்காக மேசையில் ஏற்றிப் பார்ப்பது முறை. அதுவரை யாரும் தேறியதில்லை என்பதால் அந்த முறையை யாரும் பார்த்ததும் இல்லை. தையல்காரரை வலப்பக்கமாகக் கிடத்தி, மணல் பைகளை வைத்து, ஆப்புகளைச் செருகினார்கள். பேரியம் அதிகாரி ஓடி வந்தார். பிராணிகளுக்குக் கொடுப்பதுபோலவே, ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சினார். கலக்கியது ஒருநாள் பயன்படும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. தையல்காரர் விழுங்கினார். சுவரில் சுரண்டிய சுண்ணாம்பைத் தின்பது போலிருந்தது.

நிலை அதிகாரி பொத்தானை அமுக்கினார்.

படம் வந்ததும் பிரிவு முழுவதும் திரைக்கு முன்னால் கூடிவிட்டது. பயிற்சியாளர் அம்மா விசிலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். விலா எலும்புகள் சீப்பின் பற்கள் போல ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் வலப்பக்க ஈய எழுத்து பளிச்சென்று இருந்தது. எழுத்தர் தன் கையிலிருந்த ஒரே சீட்டின்படி, படத்தின் தலைப்பில் 'சின்னவ, பூனை, பெண்' என்று அச்சடித்தார்.

"நூல் எங்கயும் இல்ல" என்றார் நிலை அதிகாரி. "பூனை நல்லா இருக்கு."

"இல்ல, இல்ல" என்றார் பேரியம் அதிகாரி. "கழுத்துக்கிட்ட பாருங்க. ஊசி. பூனை நூலை முழுங்கலை, ஊசியைத்தான் முழுங்கியிருக்கு."

தையல்காரர் மேசையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "சார், அது என் காலர்ல குத்தியிருக்கற ஊசி" என்று எடுத்துக் காட்டினார்.

இருவரும் ஊசியைப் பார்த்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள்.

"படத்துல பூனைன்னு போட்டிருக்கே" என்றார் நிலை அதிகாரி பொறுமையாக.

கடைசியில் 'நூல் இல்லை. ஊசி இருப்பதாக ஒரு கருத்து உண்டு' என்று அறிக்கை எழுதினார்கள்.

தையல்காரர் கூடைக்குள் கையை விட்டார். பூனையின் காது குளிர்ந்திருந்தது. வயிறு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். சின்னவ, பூனை, பெண். எப்படியாவது ஒரு படம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார்.

"சார், இந்தப் படத்தைக் கொடுத்தீங்கன்னா கீழ கொண்டுபோயிடுவேன்."

"கீழயா? எதுக்கு?"

"வைத்தியத்துக்கு."

நிலை அதிகாரிக்குச் சுருக்கென்றது. "வைத்தியத்துக்கு எடுத்த படம் இல்லீங்க இது. மதியம் மேலிடத்துக் குழு வருது. அவங்களுக்குக் காட்டணும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். ஒரு பிரதி தர்றேன். ஆனா குழு வர்றப்ப நீங்க மறுபடி மேசையில படுக்கணும். இதே மாதிரி. ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது."

"படுக்கறேன்" என்றார் தையல்காரர். படுப்பதில் அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இது யாரு?"

"சின்னவன்னு போட்டிருக்கு டாக்டரம்மா."

"நூல் இல்லைன்னு எழுதியிருக்காங்களே."

"ஆமா."

டாக்டரம்மா கூடையைத் திறந்து, பூனையின் நாக்கைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தார். நூல் அங்கேயே இருந்தது. "படம் இல்லாம வெட்டக் கூடாதுன்னுதான் உத்தரவு" என்றார். "படம் சொல்றதைக் கேக்கணும்னு உத்தரவு இல்ல." பிறகு உள்ளே பார்த்து, "மயக்க ஊசி எடுங்க!" என்று கத்தினார்.

பூனையைத் தூக்கிக்கொண்டவர், திரும்பிப் படத்தையே மறுபடி பார்த்தார். "இந்த வயித்துல பேரியத்தைத் தவிர ஒண்ணுமே இல்ல. இது கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

"பூனையா?"

"படத்துல இருக்கறது."

தையல்காரர் யோசித்தார். "ஞாபகம் இல்ல."

"பூனைக்கு என்னால முடிஞ்சதைப் பாக்கறேன். மத்ததுக்கு நான் டாக்டர் இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. தையல்காரர் அதில் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் கத்திரி வைக்கும் சத்தமும் எடுக்கும் சத்தமும் கேட்டன. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வார்டு ஆயா எட்டிப் பார்த்து, "நூல் முழுசா வந்துடுச்சு. இனிமே அது கண்ணு முழிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவர் தலையாட்டினார். அதே நேரத்தில் எழுத்தர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "குழு வந்தாச்சு, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

மேலிடத்துக் குழுவில் ஒரு தலைவரும் அவர் சொல்வதற்கு முன்பே தலையாட்டும் இரண்டு பேரும் இருந்தார்கள். தையல்காரர் மேசையில் ஏற்றப்பட்டு, மணல் பைகள் வைக்கப்பட்டு, தயார் நிலையில் கிடந்தார். துறைத் தலைவர் பேசினார்.

"ஐயா, பிராணிக்குத் தேவை வைத்தியம்னு ஒரு காலத்துல நினைச்சுக்கிட்டிருந்தோம். அது அறியாமை. பிராணிக்குத் தேவை நிலை. நிலை சரியானா நோய்க்கு நிக்க இடம் இல்ல. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். நான் பொறுப்பேத்ததுக்கு அப்புறம் இந்த மருத்துவமனையில இடப்பக்க நோய்கள் அறவே ஒழிஞ்சுபோச்சு. ஒண்ணுகூடப் பதிவாகலை. அடுத்த வருஷம் வலப்பக்கத்தையும் ஒழிச்சுடலாம்னு இருக்கோம்."

இரண்டு பேரும் கைதட்டினார்கள். குழுத் தலைவர் காலையில் எடுத்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"கழுத்துப் பக்கம் ஏதோ ஊசி மாதிரி தெரியுதே?"

"எல்லாப் பூனைக்கும் இருக்கும் ஐயா" என்றார் துறைத் தலைவர். "நிலை சரியா அமையாததால இத்தனை நாளா யார் கண்ணுக்கும் தெரியலை."

குழுத் தலைவர் மேசையைச் சுற்றி வந்தார். "இவரு மனுஷன் மாதிரி இருக்காரே?"

"உரிமையாளர்ங்க. பூனையோட சார்புல படுத்திருக்காரு."

"பூனை எங்க?"

துறைத் தலைவர் தயங்கினார். "கீழ வைத்தியம் பாக்கறாங்க ஐயா."

"குழு வர்ற நேரத்துல வைத்தியமா?"

"இனிமே நடக்காது ஐயா."

குழுத் தலைவர் குனிந்து தையல்காரரின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தையல்காரரும் அவரைப் பார்த்தார். கண்ணுக்கு நேரே அவர் இருந்ததால் பார்த்தார்.

"அற்புதம்" என்றார் குழுத் தலைவர். "இந்த ஆளை நிரந்தரமா வச்சுக்கிட்டா என்ன? எந்தப் பிராணி வந்தாலும் அதுக்குப் பதிலா இவரே படுத்துடலாமே. நாய்க்கும் இவர்தான், ஆட்டுக்கும் இவர்தான். குதிரை வந்தா ஒரு பெரிய மேசை போட்டுக்கலாம்."

"நாங்க இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்லைங்க" என்றார் துறைத் தலைவர், நிஜமான மரியாதையோடு.

"என்னய்யா சொல்றீங்க?" என்று குழுத் தலைவர் தையல்காரரிடமே கேட்டார். "காலையில வந்து படுக்கணும். சாயந்திரம் எழுந்து போகணும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். தலையை ஆட்டாதீங்க, நிலை கெட்டுடும். சம்மதம்னா சும்மா இருங்க."

தையல்காரர் சும்மா இருந்தார். அவர் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார். மேசை குளிர்ச்சியாக இருந்தது. மணல் பைகளின் கனம் இதமாக இருந்தது. யாரோ கையை வைத்து, இரு, எங்கேயும் போகாதே என்று சொல்வதுபோல இருந்தது. மேலே இயந்திரத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தின் குறுக்குக்கோடு சரியாக அவர் நெஞ்சில் நின்றது. கடையைத் திறக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட வேண்டாம். இப்படியே காலம் போய்விடும். போனதுகூடத் தெரியாது.

"சம்மதம்னு சொல்லிட்டாரு!" என்றார் நிலை அதிகாரி. எல்லோரும் கைதட்டினார்கள். பேரியம் அதிகாரி சிரிஞ்சோடு நெருங்கினார். நிலை அதிகாரி தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானில் விரலை வைத்தார். "மூச்சைப் பிடிங்க."

அப்போது கதவு திறந்தது. வார்டு ஆயா. படியேறி ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. முழங்கை வரை நகக்கீறல்.

"தையக்காரரே! உங்க பூனை முழிச்சுக்கிச்சு! என்னா கத்து கத்துது! போட்ட தையலை வாயாலயே பிரிக்குது. யாரும் கிட்டப் போக முடியல, டாக்டரம்மா கையையும் பிறாண்டிடுச்சு. இப்படியே விட்டா குடலை வெளிய இழுத்துப் போட்டுடும். வீட்டு ஆளைக் கூப்பிடுன்னு டாக்டரம்மா கத்தறாங்க!"

"யாரும்மா இது, குழு முன்னால?" என்றார் துறைத் தலைவர்.

"ஒரே ஒரு நொடி" என்றார் நிலை அதிகாரி, கெஞ்சும் குரலில். "படம் முடிஞ்சதும் போகலாம். பூனை எங்க போயிடப் போகுது? அசையாதீங்க. மூச்சு, மூச்சு..."

திறந்த கதவு வழியாகக் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பசிக்கு அது போடுகிற கத்தல் அவருக்குத் தெரியும். இது வேறு. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத அந்த வாரத்தில் ராத்திரியெல்லாம் வாசல்கதவைப் பார்த்துக்கொண்டு இப்படித்தான் கத்தியது. அப்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"சின்னவளே!" என்றார் தையல்காரர். குரல் கரகரவென்று வந்தது. "கடிக்காதடி, வர்றேன்!"

மணல் பைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. ஒரு ஆப்பு உருண்டு போய்க் குழுத் தலைவரின் காலில் முட்டியது. பேரியம் கவிழ்ந்து, துடைத்து வைத்த மேசை முழுவதும் வெள்ளையாக வழிந்தது. பொத்தானிலிருந்த விரல் பதறி அமுங்க, இயந்திரம் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. தையல்காரர் கணுக்காலில் ஒட்டியிருந்த நாடாவை இழுத்துக்கொண்டே, செருப்பில்லாத காலோடு, ஆயாவைத் தாண்டிப் படிக்கட்டில் ஓடினார். கிளிக்காரம்மா கூடத்திலிருந்து, கைகளை விரித்தபடியே, அவரை வேடிக்கை பார்த்தார்.

படி பாதி இறங்கியபோது மேலே அறையில் எல்லாச் சத்தமும் அடங்கியிருந்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"என்னய்யா இது, ஒண்ணுமே தெரியல? வெறும் புகை மாதிரி இருக்கு?" என்று குழுத் தலைவரின் குரல் கேட்டது.

"அசைஞ்சுட்டாருங்க" என்றார் நிலை அதிகாரி, இழவு சொல்வதுபோல.